இறை அழைப்பும் மனித இசைவும்

"ஆண்டவர் அழைத்தார், வந்துவிட்டேன்." ஊழியத்தில் இருப்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு முடித்துக்கொள்வார்கள். சொல்கிறவருக்கு அது நிறைவான பதில்தான். தன் வாழ்க்கையை என்ன செய்வது என்று தவித்துக்கொண்டிருக்கும் இளைஞனுக்கோ இளம்பெண்ணுக்கோ அது போதாது. அழைத்தவர் ஆண்டவர்தான் என்று எப்படித் தெரிந்தது? மனம் பின்வாங்கியபோது என்ன செய்தீர்கள்? வீட்டார் தடுத்தபோது? இருபது வருடம் கழித்தும் அந்த அழைப்பு காதில் கேட்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையான பதில் வேண்டுமென்றால், அழைப்புக்கு இசைந்து வாழ்ந்து முடித்தவர்களின் வரலாறுகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

விவிலியம், பெரியபுராணம், வடலூர், வேலூர், டோனாவூர், கல்கத்தா, மதுரை என்று பல இடங்களிலிருந்து அந்த வரலாறுகளை எடுத்துப் பார்க்கிறபோது ஒன்று தெளிவாகிறது. அழைப்பு வந்த விதம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. இசைந்த பிறகு அவர்கள் செய்தவை பெரிதும் ஒத்திருக்கின்றன. காத்திருந்தார்கள், கற்றுக்கொண்டார்கள், பிறருக்குக் கணக்குக் கொடுத்தார்கள், நடுவில் விட்டுப் போகவில்லை. ஓர் அழைப்பு உண்மையானதா என்பதை இந்த நான்கையும் கொண்டு அளப்பதே சரி என்பது இக்கட்டுரையின் முடிபு.

அழைப்பு வரும் வழிகள்

விவிலியத்தில் அழைப்பு ஒரே மாதிரி வருவதில்லை. மோசேக்கு, எரிந்தும் கருகாத முட்செடியிலிருந்து குரல் வந்தது. ஏசாயாவுக்கு ஆலயத்தில் காட்சி கிடைத்தது. ஆமோஸ் ஆடு மேய்த்துக்கொண்டும் காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டும் இருந்த குடியானவர். மந்தையின் பின்னே நடந்தவரைக் கர்த்தர் எடுத்துக்கொண்டார். பேதுருவும் அந்திரேயாவும் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். நல்ல சமாரியன் உவமையிலோ குரலும் கிடையாது, காட்சியும் கிடையாது. எரிகோ போகும் வழியில் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்த ஒருவன் மட்டுமே இருந்தான். ஆலயப் பணியில் இருந்த இருவர் விலகிப் போனார்கள். யூதர்கள் ஒதுக்கி வைத்த இனத்தைச் சேர்ந்தவன் இறங்கிக் காயம் கட்டினான்.

வாசலில் வந்து நிற்கும் பசித்தவரே இறைவன் என்ற நம்பிக்கை தமிழ் மண்ணுக்கு மிகப் பழையது. பெரியபுராணம் சொல்லும் இளையான்குடி மாற நாயனார் வரலாறு அதற்குச் சான்று. அடியவர்களுக்கு அமுது படைத்தே செல்வத்தை இழந்தவர் அவர். மழைக்கால நள்ளிரவில், தானே பட்டினியாய்க் கிடக்கும் நேரத்தில், நனைந்தபடி ஓர் அடியவர் வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. அன்று காலையில் விதைத்த நெல் வயலில் கிடக்கிறது என்று நினைவுபடுத்துகிறவர் அவருடைய மனைவி. நாயனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இருட்டில் காலால் வழி தடவிப் போய், முளைவிட்ட நெல்லை நீரோடு வாரி வருகிறார். அடுப்பெரிக்க விறகில்லை, கூரையின் கொம்புகளை அறுத்துப் போடுகிறார். கறிக்கு ஒன்றுமில்லை, தோட்டத்தில் வளர்ந்தும் வளராமலும் நின்ற கீரையைப் பறித்து வருகிறார். அடுத்த வருடச் சாப்பாட்டுக்கான விதையையும், குடியிருந்த கூரையையும் சேர்த்து அன்றிரவு அந்த அம்மையார் சமைத்து இறக்குகிறார். வந்தவர் சிவபெருமான் என்பது, சமைத்து முடித்து அமுது செய்ய அழைத்தபோதுதான் தெரிகிறது. இறைவன் என்று தெரிந்தபின் கொடுப்பதற்கும், யாரென்றே தெரியாமல் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சேக்கிழார் இப்படிக் காட்டுகிறார்.

ஏறத்தாழ இதே காட்சி 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரு மிஷன் பங்களாவின் வாசலில் நடந்தது. ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் பின்பு சென்னையிலும் மருத்துவ ஊழியம் செய்தவர். தந்தையும் மருத்துவ மிஷனெரிதான். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஐடா, நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ளத்தான் திரும்பி வந்திருந்தார். ஒரு நாள் இரவு ஒரு பிராமண இளைஞர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தன் இளம் மனைவியைக் காப்பாற்ற வரும்படி கெஞ்சினார். என் தந்தைதான் மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று சொல்லி அவர் போய்விட்டார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் கணவர் அதே வேண்டுதலோடு வந்தார். அதே மறுப்போடு திரும்பினார். மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்தவர் வந்தார், அவரும் அப்படியே. ஐடா அன்றிரவு தூங்கவில்லை. விடிந்ததும் விசாரிக்கச் சொன்னார். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். அன்றே பெற்றோரிடம் போய், தான் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பப் போவதாகச் சொன்னார்.

வானத்திலிருந்து எந்தச் சத்தமும் அன்று கேட்கவில்லை. மூன்று ஆண்கள் வேறு வேறு சமயத்திலிருந்து வந்து ஒரே உதவியைக் கேட்டார்கள். அதைத்தான் ஐடா கடவுளின் அழைப்பாக எடுத்துக்கொண்டார்.

அழைப்பு ஒரு கையின் பிடியாகவும் வந்திருக்கிறது. கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்த பால் பிராண்ட், இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்து 1946இல் வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு வலித்தது. அவ்வளவு வலிமை அந்தக் கையில் இருந்தது. எல்லாத் தசைகளும் செயலிழந்துவிடவில்லை, நல்ல தசையின் நாணை மாற்றிப் பொருத்தினால் இந்தக் கை மறுபடி வேலை செய்யும் என்று அந்தக் கணத்தில் அவருக்குப் புலப்பட்டது. எலும்பு, மூட்டு மருத்துவர்கள் தொழுநோயாளியைத் திரும்பிப் பார்க்காத காலம் அது. அந்தப் பிடியிலிருந்துதான் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சை வேலூரில் வளர்ந்தது.

தயக்கம் பாவமா?

அழைப்பைப் பற்றிய பிரசங்கங்களில் உடனே எழுந்து போனவர்களையே அதிகம் புகழ்கிறோம். விவிலியம் தயங்கியவர்களுக்கும் நிறைய இடம் தருகிறது. மோசே ஒன்றன்பின் ஒன்றாகச் சாக்குச் சொன்னார். நான் யார் போவதற்கு என்றார். உம் பெயரைக் கேட்டால் என்ன சொல்வேன் என்றார். என்னை நம்பமாட்டார்கள் என்றார். எனக்குப் பேச வராது என்றார். கடைசியில் வேறு யாரையாவது அனுப்பும் என்றே சொல்லிவிட்டார். எரேமியா வயதைக் காரணம் காட்டினார். யோனா வாய் பேசாமல் எதிர்த்திசையில் கப்பலேறினார். மரியாளும் இது எப்படி ஆகும் என்று கேட்ட பிறகுதான் சம்மதம் சொன்னார். இவர்களில் எவரையும் கடவுள் கைவிடவில்லை. கேள்வி கேட்டதற்காகத் தண்டிக்கவும் இல்லை.

ஐடாவின் தயக்கத்துக்கும் நியாயம் இருந்தது. 1877-78 பஞ்ச காலத்தில், பசியால் துவண்ட குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்த சிறுமி அவர். அந்த முகங்கள் மனத்தை விட்டுப் போகவில்லை. பின்னர் பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்ப, அமெரிக்காவில் தனியே விடப்பட்ட துயரமும் அவருக்கு உண்டு. குடும்பத்தில் எல்லாரும் மிஷனெரிகள். நான் மட்டும் ஆகமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். தேவையை நேரில் பார்த்தவர்களுக்கு வரும் தயக்கம் இது. சுமையின் எடை தெரிந்தவர்தான் தோள் கொடுக்க யோசிப்பார்.

இன்னொரு வகைத் தயக்கம் பக்தியின் வேடத்தில் வரும். நரேந்திரன் இடைவிடாத சமாதியில் மூழ்கியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டபோது, பலருக்கும் நிழல் தரும் ஆலமரமாக நிற்க வேண்டியவன் தன் முக்தியை மட்டும் நினைக்கலாமா என்று ராமகிருஷ்ணர் கடிந்துகொண்டார். அந்த நரேந்திரன்தான் விவேகானந்தராகி, 1892 இறுதியில் கன்னியாகுமரிப் பாறையில் தேசத்தின் ஏழ்மையை நினைத்து அமர்ந்தார்; 1897 மே 1 அன்று ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். ஜெபமும் தியானமும் அயலானிடமிருந்து ஒளிந்துகொள்ளும் அறையாகிவிடக் கூடாது என்பதில் அந்தக் குருவும் கிறிஸ்துவும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

சுவிசேஷத்தில் வரும் செல்வந்தனான வாலிபனின் கதை வேறு. அவன் கற்பனைகளையெல்லாம் கைக்கொண்டவன். ஆர்வத்தோடு கேட்க வந்தவன். சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடு என்றதும் துக்கத்தோடு திரும்பிப் போனான். மோசேயின் தயக்கம் வாதாடிக்கொண்டே நின்றது. இவனுடைய தயக்கம் பேச்சை முடித்துக்கொண்டு போய்விட்டது. தயங்கினாலும் அந்த இடத்தை விட்டு நகராமல் நிற்கிறவரிடம் இசைவு பிறக்க வழியுண்டு.

அழைப்பைச் சோதித்தறிதல்

உள்ளத்தில் எழும் ஒவ்வொரு வேகமும் இறைக்குரல் ஆகிவிடாது. புகழாசை, குற்ற உணர்வு, வீட்டுப் பிரச்சினையிலிருந்து தப்பிக்கும் எண்ணம் இவையும் அதே குரலில் பேசும். அதனால்தான் தொண்டு மரபுகள் அனைத்தும் இரண்டாவது ஆளின் செவியை வேண்டுகின்றன. சிறுவன் சாமுவேல் மூன்று முறை ஏலியிடம் ஓடினான். கூப்பிட்டது கர்த்தர் என்று அவனுக்கு விளங்கவில்லை. விளங்கச் செய்தவர் கண் மங்கிய முதியவர் ஏலி. அவருடைய குடும்பத்தைப் பற்றி அழைப்பு கடுமையான செய்தியைக் கொண்டுவந்தபோதும் அதை மறைக்காமல் சொல்லச் சொன்னார். நல்ல வழிகாட்டி என்பவர் அப்படித்தான் இருப்பார்.

அன்னை தெரசா 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் ரயிலில் அழைப்பை உணர்ந்தார். அப்போதே அவர் லொரேட்டோ சபையின் துறவி, கல்கத்தாவில் பள்ளி ஆசிரியை. மடத்தை விட்டு வெளியேறி, ஏழைகளிலும் ஏழைகளோடு வாழ வேண்டும் என்ற இந்த இரண்டாவது அழைப்பைப் பேராயர் பெரியே உடனே ஏற்கவில்லை. யோசித்தார், பலரைக் கலந்தார், காத்திருக்கச் சொன்னார். ரோமின் அனுமதியும் வேண்டியிருந்தது. 1948 ஆகஸ்டில்தான் தெரசா மடத்து வாசலைத் தாண்டினார். ஏறத்தாழ இரண்டு வருடக் காத்திருப்பு. அவர் கடிதம் எழுதினார், மன்றாடினார், அவசரப்படுத்தினார். கீழ்ப்படிதலை மட்டும் மீறவில்லை.

நிறுவனங்கள் தவறுவதும் உண்டு. பால் பிராண்டின் தந்தை ஜெஸ்ஸி 1929இல் கறுநீர்க் காய்ச்சலில் இறந்த பின்பும் தாய் ஈவ்லின் இந்தியாவில் ஊழியம் தொடர்ந்தார். மலைமக்களிடம் திரும்பிப் போக வேண்டும் என்பது அவருடைய ஏக்கம். ஓய்வு வயது வந்ததும் மிஷன் சங்கம் நிறுத்திக்கொள்ளச் சொன்னது. சங்கத்திலிருந்து முறைப்படி ஓய்வு பெற்றுக்கொண்டு, எழுபது வயதை ஒட்டி மலைக்குப் போய்க் குடிசை கட்டினார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974இல் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும்வரை ஊழியம் நிற்கவில்லை. சங்கத்தோடு சண்டை போடாமல், சங்கத்தின் பணத்தையும் எதிர்பார்க்காமல், செலவைத் தானே ஏற்றுக்கொண்டு அவர் போனார் என்பதைக் கவனிக்க வேண்டும். மேலிடம் மறுத்த பிறகும் அழைப்பு உண்மை என்று நம்புகிறவர், விலையையும் தானே கொடுக்க வேண்டும்.

ஆயத்தம் என்னும் கீழ்ப்படிதல்

அழைப்பைப் பற்றிப் பேசும்போது மிகக் குறைவாகப் பேசப்படுவது படிப்பு. ஐடா அன்று இரவே மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அமெரிக்கா சென்று, பெண்களுக்கு அப்போதுதான் கதவு திறந்திருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900 தொடக்கத்தில் திரும்பினார். நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலர் கையில் இருந்தது. வேலூரில் தந்தையின் பங்களாவில் ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சை தொடங்கியது. 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை. 1909இல் செவிலியர் பள்ளி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. தான் ஒருத்தி எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும் என்று கணக்குப் போட்டவருக்கு, இந்தியப் பெண்களை மருத்துவர்களாக்குவதே சரியான விடையாகப் பட்டது. 1922இல் முதல் தொகுதியில் 14 பெண்கள் தேறினார்கள். திண்டிவனத்தில் இறந்த மூன்று பெண்களுக்காக அவர் அழுததைவிட, அவர்களைப் போன்றோரைக் காக்க ஒரு கல்லூரியை எழுப்பியதே பெரிய ஜெபம்.

ஆல்பர்ட் ஷ்வைட்சர் இதற்கு இன்னும் நீண்ட எடுத்துக்காட்டு. முப்பது வயதுவரை கல்விக்கும் இசைக்கும், அதன்பின் மனிதர்களுக்கு நேரடித் தொண்டு என்று 21 வயதில் முடிவெடுத்தவர். 1904இல் பாரிஸ் மிஷன் சங்கத்தின் இதழில், ஆப்பிரிக்காவில் ஊழியர் தேவை என்ற கட்டுரை அவர் கண்ணில் பட்டது. இறையியல் அறிஞர், ஆர்கன் கலைஞர் என்று ஐரோப்பாவில் பெயர் பெற்றிருந்தவர், மாணவர்களோடு உட்கார்ந்து மருத்துவம் படிக்கத் தொடங்கினார். அவருடைய இறையியலைச் சந்தேகித்த சங்கத்தார் தயங்கியபோது, பிரசங்கம் செய்யமாட்டேன், மருத்துவராக மட்டும் இருப்பேன் என்று ஒப்புக்கொண்டார். 1913இல்தான் ஆப்பிரிக்காவின் லம்பரேனே போய்ச் சேர்ந்தார். தெரசாவும் மடத்தை விட்டு வந்தவுடன் நேரே சேரிக்குப் போகவில்லை. பாட்னாவில் மருத்துவச் சகோதரிகளிடம் அடிப்படைச் சிகிச்சை பயின்றார்.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வரலாறு நம்மவர்கள் மறக்கக் கூடாதது. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காணிக்கை சேர்த்து ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். வெளிநாட்டாரின் உழைப்பில் விசுவாசம் பெற்ற திருநெல்வேலித் திருச்சபை ஒருவரையும் அனுப்பவில்லையே என்ற கேள்வி அவரைக் குத்தியது. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆட்களை அனுப்பச் சொன்னவர் ஒரு கட்டத்தில், நான் ஏன் போகக்கூடாது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். 1909இல் பதவியை விட்டு, நிஜாம் அரசில் இருந்த டோர்னக்கல்லுக்குக் குடும்பத்தோடு போனார். தெலுங்கு கற்றார். 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான பிறகும், மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றினார். அவருடைய பேராயத்தில் பெரும்பாலோர் சாதியின் அடித்தட்டில் இருந்த மாலா, மாதிகா மக்கள்.

நிலைத்திருத்தல்

தொடங்குவதற்கு உற்சாகம் போதும். தொடர்வதற்கு வேறொன்று வேண்டும். ஏசாயா என்னை அனுப்பும் என்றதும், மக்கள் கேட்கமாட்டார்கள் என்ற செய்திதான் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பலன் கிடைக்கும் என்ற வாக்குறுதி அழைப்போடு சேர்ந்து வரும் என்று எதிர்பார்ப்பதற்கு விவிலியத்தில் ஆதாரம் இல்லை.

ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். 1901இல் கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். டோனாவூர் இல்லம் அங்கிருந்து வளர்ந்தது. ஊருக்கு ஊர் போய் உபதேசம் செய்ய வந்தவர், குழந்தைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுக்கும் தாயாக மாறினார். 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் படுக்கையிலேயே இருந்தார். 1951இல் இறக்கும்வரை ஒரு முறையும் சொந்த நாட்டுக்கு விடுப்பில் போகவில்லை. தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவரை "அம்மா" என்று அழைத்த பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள்.

வேலூரில் பயின்ற கேரளப் பெண் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். இளம் மருத்துவர், மகப்பேறு மருத்துவத்தில் நிபுணராகும் கனவோடு இருந்தவர். தொழுநோயாளிகளின் கைகளுக்கு உட்கார்ந்தபடியே அறுவை செய்யலாம் என்று பால் பிராண்ட் யோசனை சொன்னார். சக்கர நாற்காலியில் அமர்ந்து கத்தி பிடித்த அந்த அம்மையார் எதிரே, மடங்கிய விரல்களோடு படுத்திருந்த நோயாளி என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். கால் வராதவர் கை வராதவருக்குக் கை கொடுத்தார். பின்பு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, வேலூரில் அதற்கென ஒரு துறையையே உருவாக்கினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972இல் பத்மஸ்ரீ வந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கோவிந்தப்ப வெங்கடசாமியின் கதையும் இதே வார்ப்பு. தம் கிராமத்தில் உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். முடக்குவாதம் விரல்களைத் திருகிப் போட்டது. நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். கண் மருத்துவத்துக்கு மாறி, வளைந்த விரல்களுக்கு ஏற்ப கருவியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். ஸ்ரீ அரவிந்தர், அன்னை மீது கொண்ட பக்தி அவரை நடத்தியது. அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். பணம் கொடுக்கிறவர்களின் கட்டணத்தில் இல்லாதவர்களுக்கும் அதே தரத்தில் சிகிச்சை என்பதே அவர் வகுத்த முறை. தம்பி தங்கைகளும் அவர்களுடைய துணைவர்களும் சேர்ந்து உழைத்தார்கள்.

உள்ளே இருளடைந்த போதும் பணி நிற்காதது இன்னொரு வகை நிலைத்திருத்தல். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, கடவுளின் அருகாமையையே உணராமல் பல பத்தாண்டுகள் அவர் தவித்தது தெரியவந்தது. சிலர் அதை விசுவாசக் குறைவு என்றார்கள். குரல் கேட்காமல் போன பிறகும், கேட்ட காலத்தில் கொடுத்த வாக்கை அவர் காத்தார் என்று படிப்பதே பொருத்தம்.

வடலூருக்கும் இங்கே இடமுண்டு. வள்ளலார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றுவரை அணைக்கப்படவில்லை. சாதி, சமயம் கேட்காமல் பசித்தவருக்குச் சோறு போடுகிறார்கள். ஒருவர் பெற்ற அருள், அவருக்குப் பின் பெயர் தெரியாத எத்தனையோ பேர் விறகு சுமந்து, அரிசி களைந்து, இலை எடுத்ததால்தான் நிலைத்திருக்கிறது.

எச்சரிக்கைகள்

அழைப்பின் பெயரால் தவறுகளும் நடந்திருக்கின்றன. அவற்றை மூடி மறைப்பது அழைப்புக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

முதலாவது, மேலிருந்து கொடுக்கும் மனப்பான்மை. 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் அசரியா இதை நேருக்கு நேர் சொன்னார். மேலைநாட்டு ஊழியர்கள் பொருளைக் கொடுத்தார்கள், உடலையும் வருத்திக்கொண்டார்கள். இந்தியரை நண்பராக நடத்தவில்லை என்பதே அவருடைய குற்றச்சாட்டு. அதற்கு வாழ்ந்து காட்டிய பதில் 1921இல் திருப்பத்தூரில் பிறந்த கிறிஸ்துகுல ஆசிரமம். தமிழரான மருத்துவர் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான மருத்துவர் பாரஸ்டர் பேட்டனும் கதர் உடுத்தி, ஒரே பந்தியில் உண்டு, பெரியண்ணன் சின்னண்ணன் என்று அழைக்கப்பட்டு வாழ்ந்தார்கள். மூத்தவர் இடம் தமிழருக்கு.

இரண்டாவது, தொண்டைத் தூண்டிலாக்குவது. மதமாற்றம் குறித்துக் காந்தியும் அசரியாவும் 1930களில் கடுமையாக வேறுபட்டார்கள். இந்த விவாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் ஒன்றில் ஐயத்துக்கு இடமில்லை. நோயாளியின் இயலாமையைப் பயன்படுத்திக்கொள்கிற தொண்டு, சமாரியன் செய்த தொண்டு அல்ல. அவன் காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணம் கொடுத்தான், போய்விட்டான்.

மூன்றாவது, அன்பு இருந்தால் திறமை வேண்டாம் என்ற நினைப்பு. லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் பாக்ஸ் 1994இல் எழுதியபோது, அன்னை தெரசாவின் கல்கத்தா இல்லத்தின் பரிவைப் பாராட்டிவிட்டு, வலியைத் தணிக்கும் வலுவான மருந்துகள் இல்லாததைக் குறையாகச் சுட்டினார். தொண்டர்களுக்கு இது கசக்கலாம். ஆனாலும் வலியில் துடிக்கிறவர் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமான குறை.

நான்காவது, வீட்டார் கொடுக்கும் விலை. பால் பிராண்ட் ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தையை மறுபடி உயிரோடு பார்க்கவே இல்லை. அழைக்கப்பட்டவர் விரும்பிக் கொடுப்பதை, அழைக்கப்படாத பிள்ளை விரும்பாமல் கொடுக்க நேர்கிறது. இதை ஊழியக் குடும்பங்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்க வேண்டும்.

ஐந்தாவது, கேள்விக்கு அப்பாற்பட்டவர் ஆகிவிடுவது. கடவுள் சொன்னார் என்று ஒருவர் சொல்லும்போது அருகில் இருப்பவர்கள் வாய் மூடிவிடுகிறார்கள். கணக்குப் புத்தகமும், குழுவும், எதிர்த்துப் பேசும் தோழரும் இல்லாத ஊழியம் ஆபத்தானது. மோசேக்கே, தனியாய்ச் சுமக்காதே என்று புத்தி சொல்ல மாமனார் எத்திரோ வேண்டியிருந்தது.

பேர் தெரியாதவர்களின் இசைவு

இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் பெரிய பெயர்கள். எல்லாரும் கொல்லிமலைக்கோ கல்கத்தாவுக்கோ போக முடியாது, போகவும் தேவையில்லை. ஒவ்வொருவர் செய்யும் தொழிலும் கடவுள் கொடுத்த அழைப்பே என்று மார்ட்டின் லூதர் போதித்தார். அப்பரை உழவாரத்தோடு நினைக்கிறோம்; அவரை மீட்டெடுத்த தமக்கை திலகவதியார் திருவதிகைக் கோயிலை விடியுமுன் அலகிட்டு மெழுகிக்கொண்டிருந்தவர். அந்தத் தமக்கையின் பணி இல்லையென்றால் தேவாரம் பாடிய நாவுக்கரசர் இல்லை.

நம் தெருக்களிலும் இதைப் பார்க்கிறோம். படுத்த படுக்கையான மாமியாருக்குப் பல வருடம் பீத்துணி மாற்றும் மருமகள், அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாத நோயாளிக்குக் கஞ்சி வாங்கிக் கொடுக்கும் பக்கத்துக் கட்டில்காரர், மாலையில் சேரிப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. இவர்களில் யாரும் தங்களுக்கு அழைப்பு வந்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நியாயத்தீர்ப்பு நாளில் வலப்பக்கம் நிற்பவர்களும், உம்மை எப்போது பசியாயிருக்கக் கண்டோம் என்று வியப்போடுதான் கேட்கிறார்கள்.

ஆகவே, அழைப்புக்காகக் காத்திருக்கும் இளையோருக்கு ஒரு வார்த்தை. தரிசனம் கிடைக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். உங்கள் வாசலுக்கு இந்த வருடம் யார் வந்தார்கள், எதைக் கேட்டார்கள், உங்களால் ஏன் கொடுக்க முடியவில்லை என்று யோசியுங்கள். கொடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் அறியாமை என்றால் அதைப் படியுங்கள். பயம் என்றால், நம்பத்தகுந்த பெரியவர் ஒருவரிடம் மனம் திறந்து பேசுங்கள். வசதியை விட மனமில்லை என்றால் அதையும் கடவுளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். திருச்சபைகளுக்கும் மடங்களுக்கும் சொல்ல வேண்டியது இதுதான்: இளைஞர்களை மேடைக்கு முன்னே வரவழைத்து ஒப்புக்கொடுக்கச் செய்வதோடு நின்றுவிடாதீர்கள், அடுத்த ஐந்து வருடம் அவர்களைப் படிக்க வையுங்கள், உடன் நில்லுங்கள், அவர்களுடைய வீட்டாரையும் தாங்குங்கள். கிராமத்து மிஷன் மருத்துவமனைகளில் இன்று காலியாக இருக்கும் மருத்துவர் நாற்காலிகள் நிரம்ப வேறு வழியில்லை.